நிலவறை என வாசிக்கவும்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தான் சிவபதம் அடையவில்லை. ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனையில், பனி கொட்டிய ஒரு காலையில், நிமோனியாவால் இறந்துபோனார், அவ்வளவுதான். சிவபதம் என்று ஒன்று இருப்பதாக அவர் நம்பியதில்லை. அங்கே தனக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கும்படி யாரிடமும் கேட்டதும் இல்லை. ஆனால் என் மேசையில் கிடக்கிற இந்த வழுவழுத்த புத்தகத்தின் அட்டையில், பிள்ளையார் படத்துக்குக் கீழே, மஞ்சள் எழுத்தில், அவர் சிவபதம் அடைந்துவிட்டாராம். உள்ளே அவருடைய வாழ்க்கை வரலாறு. அதன் கீழே, எழுதியவர் என்று என்னுடைய பெயர். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். பிரெஞ்சுக்காரர். வரலாறு படித்து, பிரெஞ்சு அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்றபின் அக்காவோடு ரொறன்ரோவுக்கு வந்து வெக்ஸ்போர்ட்டில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தவர். அக்கா தன் கூடப்பிறந்தவர்களுக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்பட்டாள். அந்த ஒரு காரணத்துக்காக அந்த மனிதர் தன் ஊரையும் ஆற்றையும் நல்ல பாண் ரொட்டியையும் விட்டுவிட்டு லோறன்ஸ் வீதிப் பேருந்தில் ஏறி இறங்கப் பழகினார்.

இந்தப் புத்தகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு போடும்போது, ஒரு நினைவு மலர் கொடுப்போம். பழைய ஆட்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். கொஞ்சம் பக்திப் பாடல்கள், இறந்த திதியைச் சொல்லும் ஒரு வெண்பா, வம்சவழி, பிறகு இறந்தவரின் வாழ்க்கை. அந்த வாழ்க்கையை ஒருவர் மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். வாசித்து முடிந்தால்தான் சாப்பாடு. வந்தவர்கள் ஒரு பையில் புத்தகத்தையும் ஒரு சில்வர் கிண்ணத்தையும் வாங்கிக்கொண்டு போவார்கள். கிண்ணம் சமையலறைக்குப் போகும். புத்தகம் எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அத்தான் ஒருவர்தான் அதைப் பத்திரப்படுத்தியவர். அக்காவோடு எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் கிண்ணத்தை யாருக்காவது கொடுத்துவிட்டுப் புத்தகத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அக்கா அதை அவருக்கு வாசித்துக் கருத்துச் சொல்லவேண்டும். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்பார். ஒரு அலுமாரி நிறைய அப்படி ஊர் பேர் தெரியாத ஆட்களின் வாழ்க்கைகளை அடுக்கி வைத்திருந்தார். ஒரு நாள் நான் போயிருந்தபோது அலுமாரியைக் காட்டிச் சொன்னார். அவருடைய தமிழ் அக்காவிடம் கற்றது, யாழ்ப்பாணத் தமிழ், ஆனால் எல்லோருக்கும் ஒரே மரியாதை.

"எல்லாம் வாசிச்சனான். உங்கட ஆக்கள் சீவிக்கேக்கை வேற வேற ஆக்கள். செத்தாப் பிறகு எல்லாரும் ஒரே ஆள். ஏன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மைதான். அந்த அலுமாரியில் குடித்தவர் ஒருவரும் இல்லை. தோற்றவர் ஒருவரும் இல்லை. கோப்பை கழுவியவர், கோழி வெட்டியவர், விடியற்காலையில் பத்திரிகை போட்டவர் ஒருவரும் இல்லை. எல்லோரும் பண்பானவர்கள், இறைபக்தி மிக்கவர்கள், வந்தாரை வரவேற்றவர்கள். இந்த ரொறன்ரோவை யார்தான் கூட்டித் துடைத்தார்கள் என்று அந்த அலுமாரியைப் பார்த்தால் தெரியாது.

"அப்ப உங்களைப் பற்றி என்ன எழுதுறது?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"நீங்கள் எழுதுங்கோ. எல்லாம் எழுதுங்கோ. நிலவறையை மட்டும் விட வேண்டாம்."

நிலவறை என்ற சொல்லை எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் பாவித்தார். எங்களுக்கெல்லாம் அது பேஸ்மென்ற். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் குடியிருந்த இடம். அவர் அந்தச் சொல்லை அகராதியில் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார், ஏனென்றால் தன் வாழ்க்கையைத் தமிழில் சொல்ல அவருக்கு அது தேவைப்பட்டது.

அந்த வாழ்க்கை இதுதான். பிரான்சின் மேற்குப் பக்கத்தில், ஓர் ஆற்றங்கரை ஊரில், தபால்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். வரலாறு படித்தார். அரசாங்கப் பரீட்சை எழுதித் தன் மாவட்டத்தின் நிர்வாக அலுவலகத்தில் பழைய ஆவணங்களைக் காக்கிற உத்தியோகத்துக்குப் போனார். உப்பு வரி பற்றியும், வெள்ளம் வந்த வருடங்களில் ஆற்றோரச் சனங்கள் அரசனுக்கு அனுப்பிய முறைப்பாடுகள் பற்றியும் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதினார். யாரும் பெரிதாக வாசிக்கவில்லை, அவரும் கவலைப்படவில்லை. பிறகு அந்த அலுவலகத்துக்கு ஒரு பெருவிழா வந்தது. விழாவுக்கு அலுவலகத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி பணிப்பாளர் அவரிடம் கேட்டார். இவர்தானே அங்கே வரலாறு தெரிந்த ஆள்.

எழுதினார். ஒரு அத்தியாயத்தில், ஜெர்மன் படை அந்த ஊரைப் பிடித்திருந்த காலத்தில் அந்த அலுவலகத்தின் எழுதுவினைஞர்கள் என்ன செய்தார்கள் என்றும் எழுதினார். ஊரில் இருந்த யூதக் குடும்பங்களின் பெயரையும் வீட்டு விலாசத்தையும் அவர்கள் அழகான கையெழுத்தில் எழுதி ஆயத்தமாக வைத்திருந்தார்கள். யாரும் கேட்கும் முன்பே. மேலிடத்துக் கட்டளை வந்தது பிறகுதான். அதற்கான கடதாசிகள் அவர் காத்துக்கொண்டிருந்த அறையிலேயே கிடந்தன.

பணிப்பாளர் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடச் சொன்னார். விழாவுக்கு அமைச்சர் வருகிறாராம், கேக் வெட்டப் போகிறார்களாம், இந்த நேரத்தில் இது எதற்காம். அத்தான் சொன்ன பதிலை நான் பலதரம் கேட்டிருக்கிறேன், ஒரு சொல் மாறாமல் சொல்லுவார்: இதில் பிழை ஏதும் இருந்தால் காட்டுங்கள், திருத்துகிறேன். பிழை காட்ட அவர்களால் முடியவில்லை. ஆனால் புத்தகத்தை அந்த அத்தியாயம் இல்லாமல் அச்சடித்தார்கள். அட்டையில் அவருடைய பெயரையும் போட்டார்கள். அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் போனது. வெட்டியதைக்கூட அவர் பொறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். வெட்டிய புத்தகத்துக்கு அவரைச் சொந்தக்காரர் ஆக்கியதைப் பொறுக்கவில்லை.

சண்டை பிடித்தார். மேலே எழுதினார், பத்திரிகையிடம் போனார். அரசாங்க உத்தியோகத்தரை இலேசில் வேலையை விட்டுக் கலைக்க முடியாது, அதனால் நிலவறைக்கு அனுப்பினார்கள். யன்னல் இல்லாத அறை, தலைக்கு மேலே வெந்நீர்க் குழாய், ஈரம் பிடித்த காணிக் கடதாசிகள். பதவி உயர்வு அதோடு சரி. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தார்.

அக்கா அந்த நிலவறைக்குத்தான் வந்தாள், கையில் வாளியும் தடியும் துணியுமாக. அகதியாகப் பிரான்சுக்குப் போய், அந்தக் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை கிடைத்திருந்தது. மேல்மாடிகளில் இருந்தவர்கள் அவள் வந்தால் காலைத் தூக்கிக்கொள்வார்களாம், முகத்தைத் தூக்கமாட்டார்களாம். நிலவறையில் இருந்தவர் எழுந்து நின்றார். தன் கதிரையைத் தானே தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு, தரை காய்கிறவரை இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கவேண்டி வந்தது. வேறு இடம் இல்லை. அங்கேதான் பேச்சுத் தொடங்கியது. அவள் என்ன படித்தாள் என்று அவர் கேட்டார், அவர் ஏன் கீழே இருக்கிறார் என்று அவள் கேட்டாள். அவர் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொன்னார்.

அக்காவுக்கு அது விளங்க மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கொழும்பில் கலவரத்தின்போது நாங்கள் இருந்த ஒழுங்கைக்குள் தடியும் பெற்றோலுமாக வந்தவர்களின் கையிலும் ஒரு பட்டியல் இருந்தது. எந்த வீடு தமிழ் வீடு என்று அவர்கள் யாரையும் கேட்கவில்லை. இலக்கத்தைப் பார்த்துப் பார்த்து வந்தார்கள். பெரியண்ணை என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பின்மதிலால் குதித்தார். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது கொஞ்சத்தில் தெரியும்.

அவர்கள் கலியாணம் செய்தபோது பெரியண்ணை வருடக்கணக்காக அக்காவோடு கதைக்கவில்லை. வெள்ளைக்காரன், வேதக்காரன் (கிறிஸ்தவன் என்று அர்த்தம், ஆனால் அத்தான் எந்த வேதத்திலும் இல்லை, அதைச் சொன்னால் இன்னும் மோசம்), சாதி சனம் தெரியாதவன். பிறகு யாரோ அவரிடம், மாப்பிள்ளை பிரெஞ்சு அரசாங்கத்தில் உத்தியோகம், ஓய்வூதியம் உண்டு என்று சொல்லிவிட்டார்கள். பெரியண்ணையின் முகம் அன்றே மலர்ந்தது. எங்கள் ஆட்களுக்குக் கவுண்மேந்து உத்தியோகம் என்றால் போதும். நிறமும் மதமும் பின்னால் நின்றுகொள்ளும். யூனியன்வில்லில் இருக்கிற தன் வீட்டுக்கு யார் வந்தாலும், "உவர் என்ர மச்சான், பிரெஞ்சுக் கவுண்மேந்திலை பெரிய ஆள்" என்று அத்தானை அறிமுகம் செய்வார். அத்தான் உடனே கையை உயர்த்தி, "பெரிய ஆள் இல்லை. நிலவறை" என்பார். வந்தவர்கள் பகிடி என்று சிரிப்பார்கள். பெரியண்ணை எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பார்.

இந்த மார்கழியில் அத்தான் போய்விட்டார். அக்கா அழுதாள், பிறகு நிறுத்தினாள், பிறகு சாப்பிடாமல் இருந்தாள். கிரியைகள் வேண்டுமா என்று நான் கேட்டேன். "அவருக்கு உதுகளிலை நம்பிக்கை இல்லை. ஆனால் முப்பத்தொண்டுச் சாப்பாடு விருப்பம். அதோடை புத்தகம். புத்தகம் போடோணும்," என்றாள். அது நான் எழுதவேண்டிய புத்தகம் என்று இருவருக்கும் தெரியும். நான் இங்கே ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அவ்வப்போது எழுதுகிற ஆள் என்பதால் பெரியண்ணையும் மறுக்கவில்லை. "வடிவா எழுது. அச்சுக்கு நான் பாக்கிறன்," என்றார்.

வடிவாகத்தான் எழுதினேன். தபால்காரரின் மகன், உப்பு வரி, பட்டியல், வெட்டிய அத்தியாயம், நிலவறை, வாளியோடு வந்த அக்கா, படிக்கட்டு, ஈரத் தரை. அவருக்கு நம்பிக்கை இல்லாததையும் எழுதினேன், அவருக்கு வடை பிடித்ததையும் எழுதினேன். அலுமாரியில் இருந்த எந்த ஆளைப் போலவும் அவர் வரக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு வரியையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். படிக்கட்டு வந்த இடத்தில் அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள், பிறகு, "ஓம், அப்பிடித்தான். வாசி," என்றாள். அதைப் பெரியண்ணைக்கு அனுப்பிவைத்தேன்.

முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் பெட்டிகளை ஏற்றிவரும்படி பெரியண்ணை என்னை அனுப்பினார். அச்சகம் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில், நகைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில். அச்சகக்காரர் பெட்டிகளைக் காருக்குள் வைத்துவிட்டு, "அன்ரி, உங்கட எழுத்து நல்ல எழுத்து. ஆனால் எங்கட ஒழுங்குக்குச் சரிவரேல்லை. அண்ணை சொன்னபடி மாத்திப்போட்டன்," என்றார். ஏதோ உதவி செய்துவிட்ட முகம்.

காருக்குள் இருந்தபடியே ஒன்றை எடுத்து விரித்தேன். நான் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். விபத்து எப்படி நடந்தது என்று சனங்கள் எழுதித் தருவதை நாள் முழுக்க வாசிப்பதுதான் என் தொழில். பொய் எந்த வரியில் தொடங்குகிறது என்று கண் தானாகப் போய் நிற்கும். இதில் அது அட்டையிலேயே தொடங்கியது. சிவபதம். உள்ளே அத்தான் பண்பானவர், வந்தாரை வரவேற்றவர், சைவத்தின்மேல் தீராத பற்றுக் கொண்டவர். பிரெஞ்சு அரசாங்கத்தின் உயர் அதிகாரியாகப் பணியாற்றி, அரசின் உயர் பாராட்டுகளைப் பெற்று ஓய்வு பெற்றவர். எங்கள் அக்காவைப் பல்கலைக்கழகத்தில் கல்வி கற்கும்போது சந்தித்து, பெரியோர் ஆசியுடன் கரம்பிடித்தவர். பட்டியல் இல்லை. வெட்டிய அத்தியாயம் இல்லை, அதை இரண்டாம் தரமும் வெட்டிவிட்டார்கள். நிலவறை இல்லை. கூட்டுத்தடி இல்லை. அத்தான் அந்த அலுமாரிக்குள் போய்விட்டார், எல்லோரும் ஆகிப்போன அந்த ஒரே ஆளாக.

கீழே என் பெயர்.

நேரே யூனியன்வில்லுக்கு ஓட்டினேன். பெரியண்ணை கதவைத் திறக்கும் முன்பே கத்தத் தொடங்கிவிட்டேன் என்று பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி பிறகு என்னைப் பார்த்த பார்வையில் தெரிந்தது.

"ஆரைக் கேட்டு மாத்தினீங்கள்?"

"உள்ளுக்கு வா. றோட்டிலை நிண்டு கத்தாதை."

"அவர் எங்கை பாராட்டு வாங்கினவர்? தண்டனை எல்லோ வாங்கினவர்!"

"அதை ஏன் ஊருக்குச் சொல்லுவான்? ஒரு மனுசனை மேலையிருந்து கீழை தள்ளிவிட்டது பெருமையே? செத்தவருக்கு மரியாதை வேண்டாமே?" என்றார். அவருக்கு உண்மையாகவே கோபம். தான் அத்தானைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா எந்தப் பல்கலைக்கழகத்திலை படிச்சவ அண்ணை?"

"கூட்டித் துடைச்சவள் எண்டு போடச் சொல்லுறியே? என்ர சம்பந்தியள் எல்லாரும் வருவினம். சனம் வாசிச்சுப்போட்டுச் சிரிக்கும்."

சம்பந்திகள்! வம்சவழிப் பக்கத்தில் அந்தச் சம்பந்திகளின் சம்பந்திகள் வரைக்கும் இடம் இருந்தது. அத்தானின் தகப்பன், வெயிலிலும் மழையிலும் தபால் சுமந்த மனிதர், அவருக்கு ஒரு வரி இல்லை. இதைச் சொல்கிற பெரியண்ணையே இந்த ஊருக்கு வந்த புதிதில் ஒரு கிரேக்கக் கடையின் பேஸ்மென்ற்றில் கோப்பை கழுவினவர். அந்தக் காசில்தான் எங்களை இந்த நாட்டுக்கு எடுத்தார். அதில் ஒரு வெட்கமும் இல்லை, நான் அதற்காக அவர் காலைத் தொடுவேன். ஆனால் அதை அவரிடம் சொன்னபோது என்னை அடிக்க வருகிறவர்போல் பார்த்தார்.

"அந்தப் பட்டியலையும் எடுத்துப்போட்டீங்கள். அதை எப்பிடி எடுத்தீங்கள்?" என்று கேட்டேன். "என்னைத் தூக்கிக்கொண்டு மதிலாலை பாஞ்சது நீங்கள்தானே?"

 அவர் சுவரில் மாட்டியிருந்த அம்மா அப்பா படத்தைப் பார்த்தார். பிறகு, "அது வேறை. உதுகளைச் செத்தவீட்டுப் புத்தகத்திலை போடுறேல்லை," என்றார். இங்கேயும் அதே பதில்தான். விழாப் புத்தகத்தில் போடுவதில்லை, செத்தவீட்டுப் புத்தகத்தில் போடுவதில்லை. அப்படியானால் எந்தப் புத்தகத்தில் போடுவார்களாம்? அந்த மனிதர் கடல் தாண்டி வந்து, இன்னொரு மொழி படித்து, எங்கள் சோற்றைக் கையால் சாப்பிடப் பழகி, கடைசியில் அதே பணிப்பாளரின் கையில் வந்து விழுந்திருக்கிறார். பணிப்பாளர் இந்த முறை வேட்டி கட்டியிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்ப அச்சடிக்க நேரம் இல்லை. பெரியண்ணை சம்மதிக்கவும் மாட்டார். வெக்ஸ்போர்ட்டுக்கு வந்து, அக்காவிடம் காட்டாமல் விடலாமா என்று காருக்குள் இருந்து யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் முன்னால் அதை அவள் காதால் கேட்பதைவிட இப்போது கேட்பது நல்லது என்று பட்டது. மேலே போய்ப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, பெரியண்ணையைத் திட்டித் தீர்த்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையிலிருந்து கடைசிவரை மெல்ல வாசித்தாள். பிறகு ஒரு விரலை அந்தப் பல்கலைக்கழக வரியில் வைத்தபடி இருந்தாள்.

"நிலவறை எங்கை?" என்று கேட்டாள்.

அவள் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "எடுத்துப்போட்டார் அக்கா. எல்லாத்தையும் எடுத்துப்போட்டார்."

"அவரைக் கீழை அனுப்பாட்டி நான் அவரைக் கண்டே இருக்கமாட்டன்," என்றாள். "மேல்மாடியிலை இருந்திருந்தா அவரும் காலைத் தூக்கியிருப்பாரோ தெரியாது." இதைக் கேட்டபிறகுதான் பெரியண்ணை எதை வெட்டியிருக்கிறார் என்று எனக்கே முழுதாக உறைத்தது. அவர் ஓர் அவமானத்தை எடுக்கவில்லை. ஒரு கலியாணத்தை எடுத்திருந்தார்.

நான் மறுபடி கத்தத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் போகவேண்டாம், பெட்டிகளைக் குப்பையில் போடுவோம், மண்டபத்தில் வைத்து நாலு கேள்வி கேட்கிறேன் என்றேன்.

"கத்தாதை," என்றாள் அக்கா. "கடுதாசி இருக்கோ?"

எனக்கு விளங்கவில்லை. அவள் எழுந்து போய், அத்தானின் அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தாள். பிரான்சில் அச்சடித்த அந்த விழாப் புத்தகம். அட்டைக்கு உள்ளே ஒரு சின்னத் துண்டு செருகியிருந்தது. அந்தச் சண்டையில் தோற்றபிறகு அத்தான் செய்த வேலை அது. தன் செலவில் திருத்தத் துண்டு அடித்து, விடுமுறை நாட்களில் ரயிலேறி, அந்தப் புத்தகம் இருந்த நூலகம் நூலகமாகப் போய்க் கொடுத்தார். கலியாணத்துக்குப் பிறகு அக்காவும் கூடப் போனாள். அவர்களின் தேனிலவு என்று நான் கேலி செய்வதுண்டு. துண்டில் இருந்தது இதுதான்: ஒரு பக்கத்தை இப்படி வாசிக்கவும், இன்னொரு பக்கத்தில் இது விடுபட்டது எனச் சேர்க்கவும். அவ்வளவுதான், வசவு ஒன்றும் இல்லை.

"களவாச் செருகலாமே எண்டு நான் ஒருக்காக் கேட்டனான்," என்றாள் அக்கா. "கூடாது எண்டவர். நூலகத்து ஆளிட்டை, நான் ஆர் எண்டு சொல்லிக் குடுக்கோணும். அப்பதான் திருத்தம். இல்லாட்டி அது வெறும் கடுதாசி."

சனிக்கிழமை இருவருமாக வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நூலகத்துக்குப் போனோம். அத்தான் தினமும் போய் உட்கார்ந்த இடம். அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டெழுதினேன். நான் சேர்க்கப் பார்த்த சூடான சொற்களை எல்லாம் அவள் எடுக்கச் சொன்னாள். அச்சுப் பொறியில் தாள் தாளாக எடுத்து, மேசையில் வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டினோம். பனி வெளிச்சத்தில் அக்காவின் முகத்தில் அந்த மாதம் முழுக்க இல்லாத ஓர் உயிர் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. ஒஷாவாவிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். அக்கா வெள்ளைச் சேலையில், உள்ளே கதிரையில் உட்காரவேண்டிய இடத்தில் உட்காராமல், வாசலில் புத்தக மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நான் ஒவ்வொருவருக்கும் புத்தகத்தைக் கொடுக்க, அவள் துண்டைக் கொடுத்தாள். "நான் அவரின்ர மனுசி. புத்தகத்திலை கொஞ்சம் பிழை விட்டுப்போச்சு. இதோடை சேர்த்து வாசியுங்கோ," என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்ன சொல்வது என்று தெரியாமல் வாங்கிக்கொண்டார்கள். வாழ்க்கையை வாசிக்க வந்திருந்தவரும் வாங்கினார். இந்த ஊரில் பாதிச் செத்தவீடுகளில் வாசிக்கிறவர், கணீரென்ற குரல்.

பெரியண்ணை சம்பந்திகளை இருத்திவிட்டு வந்து, மேசையில் கிடந்த துண்டை எடுத்துப் பார்த்தார். அதில் இருந்தது இவ்வளவும்தான்:

பிழை திருத்தம்.

அட்டையில் "சிவபதம் அடைந்த" என்றிருப்பதை "இறந்த" என வாசிக்கவும்.

மூன்றாம் பக்கத்தில் "அரசின் உயர் பாராட்டுகளைப் பெற்று" என்றிருப்பதை "தன் அலுவலகம் யூதக் குடும்பங்களைப் பட்டியல் எழுதிக் காட்டிக்கொடுத்ததை வெளியே சொன்னதற்காக நிலவறைக்கு அனுப்பப்பட்டு" என வாசிக்கவும்.

அதே பக்கத்தில் "பல்கலைக்கழகத்தில் கல்வி கற்கும்போது சந்தித்து" என்றிருப்பதை "நான் அந்த நிலவறையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது சந்தித்து" என வாசிக்கவும்.

எழுதியவரின் பெயரை நீக்கி வாசிக்கவும்.

மனைவி.

 "என்ன வேலை இது? எங்களை இத்தினை சனத்துக்கு முன்னாலை..." என்று பெரியண்ணை பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மேசையில் மிச்சம் இருந்த துண்டுகளை அள்ளப் போனார்.

அக்கா அவற்றின்மேல் கையை வைத்தாள். அடித்து வைக்கவில்லை, சும்மா வைத்தாள். "பெரியண்ணை, உதிலை ஏதும் பிழை இருந்தாக் காட்டுங்கோ. திருத்துறன்," என்றாள்.

அவர் காட்டவில்லை. எதைக் காட்டுவார்? உள்ளே போய், முன்வரிசையில், வாசிப்பவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, அவரை முறைத்துக்கொண்டிருந்தார். வாசிக்கக் கூலி கொடுப்பது பெரியண்ணைதான். அது வாசிப்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார்ந்தேன். 

வாசிப்பவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். பாடல்கள் முடிந்தன. வெண்பா முடிந்தது. வாழ்க்கை வந்தது. பண்பானவர், வந்தாரை வரவேற்றவர் எல்லாம் அந்தக் கணீர்க் குரலில் வழக்கம்போல் போனது. மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார். உயர் பாராட்டு வரவேண்டிய இடத்தில் குரல் நின்றது. அவர் கையில் இருந்த துண்டைப் பார்த்தார். முன்வரிசையைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த வெள்ளைச் சேலையைப் பார்த்தார். அந்த இடைவெளியில் சமையல் பக்கம் யாரோ பாத்திரத்தை மூடுகிற சத்தம் கேட்டது.

அவர் துண்டைப் புத்தகத்தின்மேல் வைத்துக்கொண்டு வாசித்தார். பட்டியலை வாசித்தார். நிலவறையை வாசித்தார். அடுத்த திருத்தத்துக்கு வந்தபோது அதில் இருந்த 'நான்' என்பதை அவர் மாற்றவில்லை. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே, அக்காவின் வாயாகத் தன் வாயை வைத்து, நான் அந்த நிலவறையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது என்று மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

நான் சுற்றிப் பார்த்தேன். கோப்பை கழுவியவர்கள் இருந்தார்கள், கோழி வெட்டியவர்கள் இருந்தார்கள், விமான நிலையத்தைக் கூட்டியவர்கள் இருந்தார்கள். சம்பந்திகளும் இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.